சிபாரிசு அக்கா

எங்கள் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் சிபாரிசு அக்கா என்றுதான் கூப்பிட்டோம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, இவளுக்கு மேலிடத்தில் யாரையோ தெரியும் போலிருக்கிறது என்று ஓரிரு நாள் பணிந்து நடப்பார்கள். பிறகுதான் விஷயம் தெரியவரும். அவள் கைவசம் இருந்தது ஒரே வகைச் சிபாரிசு. எதைக் காதில் போட்டுக் கேட்கலாம் என்பது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடம் அது. வார்டுகளிலிருந்து விரிப்புகளும் போர்வைகளும் தள்ளுவண்டியில் வந்து குவியும். துவைத்து உலர்த்தியதை இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் ஒரு பக்கம் இருவர் செலுத்துவார்கள். மறுபக்கம் அது விறைப்பாக, ஆவி பறக்க வெளியே வரும். அந்த மறுபக்கத்தில் நானும் அக்காவும் நிற்போம். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விலகி, நெருங்கி, மடித்து, மேசையில் வைத்துவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். இயந்திரச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்ளலாம், இன்னொரு காது வேலைக்கு என்று எங்கள் சூப்பர்வைசர் அனுமதி கொடுத்திருந்தார். அந்த ஒற்றைக் காதுதான் அக்காவின் ராஜ்ஜியம்.

வானொலி நாடகம், வாசித்துப் பதிவு செய்த நாவல், பாகம் பாகமாக வரும் ஒலித்தொடர் என்று கதையாக எது இருந்தாலும் கேட்பாள். படிப்பு என்றால் அவளுக்கு ஆகாது. எழுத்தைப் பார்த்தால் தலைவலி வரும். "படிச்சா வர்ற தலைவலி கேட்டா போகுது, நான் என்ன பண்ண?" என்பாள். ஆனால் "நல்லா இருக்கு, கேளு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறவள் அல்ல. முதலில் ஆளைப் பார்ப்பாள். இரண்டு நாள் அவர்கள் மூஞ்சியைப் படிப்பாள். அப்புறம்தான் சொல்வாள்.

புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒருத்தி வேலைக்குத் திரும்பியிருந்தாள். இதமான பாட்டாகப் போட்டுக் கேள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அக்கா மட்டும் நீளமான ஒரு கொலைக் கதையை எடுத்துக் கொடுத்தாள். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மெதுவான பாட்டு போட்டா மனசு அது பாட்டுக்கு எங்கேயோ போயிடும்" என்றாள் அக்கா. "இதுல ஒரு வீட்டு ஆளுங்க எல்லார் மேலயும் சந்தேகம் வரும். ஒருத்தன விட்டாலும் கதை புரியாது. அழ நேரம் இருக்காது, பாரு."

சில வாரம் கழித்து அந்தப் பெண் சாப்பாட்டு வேளையில் ஓடிவந்தாள். "அக்கா, அந்தத் தோட்டக்காரன்தானே?" என்றாள். "வாய மூடு! இவ இன்னும் கேட்டு முடிக்கல" என்று அக்கா என்னைக் காட்டி அதட்டினாள். அந்தப் பெண் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

எல்லாச் சிபாரிசும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். பாய்லர்காரருக்கு ஒரு பேய் நாடகத்தைக் கொடுத்தாள். மனிதர் ஒரு வாரம் பாய்லர் அறைக்குத் தனியாகப் போகவில்லை. முன்கோபியான சூப்பர்வைசருக்கு வீணை இசை. அதற்குப் பிறகும் அவர் கத்தத்தான் செய்தார். சுருதி சேர்த்துக் கத்துகிறார் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

என் அம்மா படுக்கையில் விழுந்த சமயம், வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அவளிடம் எரிந்து விழுவேன். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அக்கா எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். ஒரு பழைய நாவலை வயதான ஓர் அம்மாள் வாசித்திருந்த பதிவை என் போனில் ஏற்றிவிட்டாள்.

"கதைக்காக இல்ல. அந்தக் குரலுக்காகக் கேளு. அந்தம்மா எதுக்கும் அவசரப்பட மாட்டாங்க."

உண்மைதான். அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்தால் அம்மாவைப் புரட்டும்போதும் துடைக்கும்போதும் என் கை தானாக நிதானப்பட்டது. அக்கா எனக்குச் செய்த எல்லாவற்றிலும் பெரிது அது.

அவள் சிபாரிசு எடுபடாத ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். நீண்டதூர லாரி டிரைவர். கிளம்பினால் திரும்பிவர வாரமோ பத்து நாளோ ஆகும். கிளம்புகிற ஒவ்வொரு முறையும் அக்கா அவர் போனில் கதைகளை ஏற்றிவிடுவாள். ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை.

"கதை கேட்டா எனக்குத் தூக்கம் வரும். ஸ்டியரிங்ல தூங்கினா என் கதை முடிஞ்சிடும்" என்பார்.

அவருக்குப் பாட்டுதான். அவளுக்கோ பாட்டு என்றாலே ஆகாது. "சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றதுக்குப் பேரு பாட்டா?" என்பாள். வீட்டில் அவர் பாட்டுப் போட்டால் இவள் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரே மகள், கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வரும்போதெல்லாம் இந்தச் சண்டைக்கு நடுவர் வேலை பார்ப்பாள்.

சாயங்காலம் அவர் எங்காவது டீக்கடை ஓரம் லாரியை நிறுத்துகிற நேரத்துக்கு இவள் போன் போடுவாள். பேச என்ன இருக்கிறது? அன்றைக்குக் கேட்ட கதையைச் சொல்வாள். அந்தப் பக்கம் அவர் "அப்புறம்?" என்பார். இவள் கொஞ்சம் சொல்வாள். மறுபடி "அப்புறம்?"

"இந்த மனுஷனுக்கு நான் என்ன சொன்னாலும் அப்புறம், அப்புறம்தான். பேசச் சொல்றாரா, போன வைக்கச் சொல்றாரா, ஒன்னும் புரியல" என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலையில் வேலைக்கு நடுவே அவளுக்குப் போன் வந்தது. தொலைவில் ஏதோ ஊரில் சரக்கு இறக்க லாரியை நிறுத்திவிட்டு, சரக்கு கட்டிய கயிற்றைப் பார்க்க இறங்கியவர் அப்படியே சரிந்துவிட்டார். கையிலிருந்த போன் பின்னால் வந்த வண்டிச் சக்கரத்தில் நசுங்கிவிட்டது. கூட ஓட்டிக்கொண்டு போன மாற்று டிரைவர்தான் தூக்கிக்கொண்டு போய் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. சில நாள் கழித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள்.

வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. போனதில் ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம்.

"உங்க பேரு என்ன?" என்று டாக்டர் கேட்டார்.

"அப்புறம்" என்றார் மாமா.

தண்ணீர் வேண்டுமானாலும் அப்புறம். வலித்தாலும் அப்புறம். கோபம் வந்தால் அதையே கத்துவார். கண்ணில் நீர் வழிய, வேறு ஏதோ சொல்லத்தான் வாயைத் திறப்பார். வெளியே வருவது அதுதான். நர்ஸ்களுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அக்காவுக்கும் வந்தது. சிரித்துவிட்டு அவசரமாக வெளியே போய் வராந்தாச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

வேலையை விட முடியாது. ஷிப்ட் முடிந்ததும் உடுப்பு மாற்றிக்கொண்டு நேரே வார்டுக்குப் போவாள். அந்த வார்டிலிருந்து வருகிற விரிப்புகள் அடையாளத் தையலோடு வரும். அவை வந்தால் மட்டும் அவள் கை ஒரு நொடி தயங்கும். உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் மடிப்பாள்.

அவருக்கு மனசுக்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றியதும் தனக்குத் தெரிந்ததைத்தானே செய்வாள்? தன் கதைகளிலேயே ஆகச் சிறந்ததை எடுத்து அவர் காதில் வைத்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். வேறொன்றைப் போட்டாள். இடது கையால் இயர்போனைப் பிடுங்கி எறிந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள்.

"அம்மா, இப்போ அவருக்கு வார்த்தைங்க வேகமா வந்தா, சின்ன வாசல்ல ஒரு கூட்டமே முட்டி மோதுற மாதிரி இருக்கும். பயந்துடுவாரு. பாட்டு அப்படி இல்ல. அது வேற வாசல் வழியாகூட உள்ள போகும். அவருக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எது? பழகின பாட்டா போடுங்க."

அக்கா இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் மடிப்பு மேசையில் என்னிடம் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. அந்தப் பல்லி நான்தான்டி. இத்தனை வருஷம் குடும்பம் பண்ணியிருக்கேன். அவரு என்ன பாட்டு கேட்பாருன்னு எனக்குத் தெரியல. நான்தான் கதவச் சாத்திக்குவேனே."

மகளுக்கும் தெரியவில்லை. "அப்பா எல்லாத்தையும் கேட்பாரும்மா" என்றாள். போனும் போய்விட்டது. லாரியில் பாட்டு ஏற்றிய பென்டிரைவ் ஒன்று இருந்தது, அதைக் கேட்டு வாங்கலாம் என்று வார விடுமுறையன்று அக்கா கிளம்பினாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

லாரி ஷெட்டில் டீசல் வாடையும் சேறும் டயர் அடுக்குகளுமாக இருந்தது. மாமா ஓட்டிய லாரியை வேறு ஒருவரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் நல்ல மனிதர்தான். பென்டிரைவைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ஆனால் பழையதை அழித்துவிட்டுத் தன் பாட்டுகளை ஏற்றிவிட்டாராம். "தெரியாம பண்ணிட்டேன்மா" என்று கையைப் பிசைந்தார். அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மற்ற டிரைவர்களைக் கேட்டோம். ஒருவர், அண்ணன் சோகப் பாட்டுதான் கேட்பார் என்றார். இன்னொருவர், சேச்சே, குத்துப் பாட்டு என்றார். இரண்டு பேருக்கும் அங்கேயே வாக்குவாதம். அப்போது லாரிக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் வெளியே ஊர்ந்து வந்தார். மாமாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த மாற்று டிரைவர்தான். கையைத் துடைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார்.

"அண்ணி, நீங்களா? அண்ணன் எப்படி இருக்காரு? நானே வரணும்னு இருந்தேன். வந்தா எப்படிக் கேட்கிறதுன்னு ஒரு கூச்சம். அந்தக் கதை பாதியில நிக்குது."

"எந்தக் கதை?" என்றாள் அக்கா.

"அதான், அந்தச் சமையல்காரி மக. துறைமுகத்துல பெட்டிய வச்சுக்கிட்டு நிக்கிறாளே. கப்பல்ல ஏறினாளா இல்லையா?"

இவருக்கு அது எப்படித் தெரியும் என்று அக்காவுக்குப் புரியவில்லை. அது மாமா விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் போனில் சொன்ன கதை.

"டீ குடிச்சுட்டு உங்ககூடப் பேசிட்டு வந்து வண்டியில ஏறுவாரு. நான் ஓட்டுவேன். ஏறினதும் ஆரம்பிச்சிடுவாரு. நீங்க சொன்னத அப்படியே ஆள் மாத்தி, குரல் மாத்திச் சொல்லுவாரு. 'அப்புறம் என்னண்ணே ஆச்சு'ன்னு கேட்டா, 'இருடா, வீட்டுல இன்னும் சொல்லல. நாளைக்குத்தான்'னுவாரு. போன்லதான் கதை ஏத்தி வச்சிருக்காங்களே, போட்டுக் கேட்டுடலாமேன்னு ஒரு தடவ சொன்னேன். 'அதுல வேற எவனோ பேசுவான்'னுட்டாரு."

அக்கா சிரித்தாள். அவர் விழுந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று பக்கத்திலிருந்த டயரின் மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டிரைவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். யாரோ டீ வாங்கி வந்து கொடுத்தார்கள்.

டீயைக் குடித்துவிட்டு அவள் கதையை முடித்தாள். அந்த ஷெட்டிலேயே, டயர் மேல் உட்கார்ந்தபடி. மாற்று டிரைவரைச் சுற்றி இன்னும் நாலைந்து பேர் நின்று கேட்டார்கள். சமையல்காரியின் மகள் பெட்டியை மட்டும் கப்பலில் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். அதோடு கதை முடிகிறது.

"பெட்டி மட்டுமா? இதுக்கா இத்தனை நாள் காத்துக்கிட்டு இருந்தேன்?" என்றார் மாற்று டிரைவர்.

"அவரும் இதத்தான் சொல்லியிருப்பாரு" என்றாள் அக்கா.

பாட்டுகளை மாற்று டிரைவர்தான் சொன்னார். மழை பெய்தால் மாமா போடுகிற பாட்டு, மேடு ஏறும்போது போடுகிற பாட்டு, வீட்டுக்குத் திரும்புகிற வழியில் போடுகிற பாட்டு என்று ஒவ்வொன்றாக. கடைசியாகச் சொன்னது, கோபித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியைப் புருஷன் கெஞ்சிக் கூத்தாடிச் சமாதானம் செய்கிற பழைய பாட்டு. "வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கும்போதுதான் போடுவாரு. தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி" என்றார்.

அன்று சாயங்காலமே நான் அவற்றைத் தேடி அக்காவின் போனில் ஏற்றினேன். மழைப் பாட்டுக்கு மாமா அசையாமல் கிடந்தார். மேட்டுப் பாட்டுக்கு இடது கைவிரல்கள் போர்வையின் மேல் தாளம் போட்டன. கெஞ்சுகிற பாட்டு தொடங்கி, பல்லவி இரண்டாவது முறை வந்தபோது அவர் பாடினார். முனகல் இல்லை. சொல் சொல்லாக, வரி முழுவதும். கொஞ்சம் குழறல் இருந்தது. மற்றபடி அது அவர் குரல்தான். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அவசர அவசரமாக மகளுக்குப் போன் போட்டு அவர் வாயருகே பிடித்தாள். அந்தப் பக்கம் மகள் அழுவது எங்களுக்கே கேட்டது.

பாட்டு முடிந்தது. "என்னங்க, என் பேரச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

அவர் அவளைப் பார்த்தார். உதடு துடித்தது.

"அப்புறம்" என்றார்.

பாட்டிலிருந்து பேச்சுக்கு வருகிற வழி சிலருக்குத் திறக்கும், சிலருக்குத் திறக்காது என்று பயிற்சிக்காரப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். மாமாவுக்குத் திறக்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போன பிறகும் பாட்டில் மட்டும்தான் அவருக்கு வாய் இருந்தது. அக்கா தினமும் அந்தப் பாட்டுகளைப் போட்டாள். பிறகு பதிவை நிறுத்திவிட்டு, அன்றைக்குக் கேட்ட கதையைத் தன் வாயால், மிக மெதுவாக, ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தி அடுத்தது என்று சொல்வாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சில இடங்களில் சரியாக "அப்புறம்" என்பார். சில இடங்களில் சம்பந்தமே இல்லாமல் வரும்.

"அந்த வார்த்தையில அர்த்தம் தேடாதீங்கம்மா. அது தானா வருது" என்றாள் பயிற்சிக்காரப் பெண், வருத்தத்தோடுதான்.

"இருக்கட்டும்மா. முன்னாடி மட்டும் எனக்கு என்ன தெரிஞ்சது?" என்றாள் அக்கா.

மழைக்காலம் முடியும் சமயம் இரண்டாவது முறை அடைப்பு வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவே நேரம் இருக்கவில்லை. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. மாற்று டிரைவர் லாரியோடு எங்கோ தொலைவில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அக்கா வேலைக்குத் திரும்பினாள். எனக்கு எதிரே நின்று முனைகளைப் பிடித்தாள், விலகினாள், நெருங்கினாள். காதில் ஒன்றும் இல்லை. நாங்கள் சும்மா இருக்கவில்லை. இத்தனை வருஷம் அவளிடம் வாங்கிக் கேட்டவர்கள், தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கொண்டுவந்தார்கள். ஒருத்தி நகைச்சுவை நாடகம், ஒருத்தி மலைவாசிகளைப் பற்றிய தொடர். சூப்பர்வைசர்கூட, முகத்தைப் பார்க்காமல், புல்லாங்குழல் பதிவு ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எல்லாருக்கும் "சரி, கேட்கிறேன்" என்றாள். கேட்கவில்லை.

ஒரு நாள் உருளை பழுதாகி நின்றுவிட்டது. கூடம் முழுக்க அமைதி. மெக்கானிக் வரும்வரை இருவரும் துணிமூட்டைமேல் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேவிட்டேன்.

"ஏன்க்கா ஒன்னுமே கேட்க மாட்டேங்கறீங்க? உங்களுக்கு அதுதானே உசுரு."

அவள் கையிலிருந்த நூல் பிசிறைத் திரித்துக்கொண்டே இருந்தாள்.

"கேட்டுப் பார்த்தேன்டி. கதை ஆரம்பிக்குது. ஆரம்பிச்ச உடனே, இத அவருகிட்ட எப்படிச் சொல்றது, எந்த இடத்துல நிறுத்துறதுன்னு மனசு அதுவா அடுக்க ஆரம்பிச்சிடுது. நான் கேட்கிறதே அவருக்குச் சொல்லத்தான்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. யாருக்கு அடுக்கறது, சொல்லு? அதான் நிறுத்திட்டேன்."

"பாட்டாவது கேட்கலாம்ல? மாமாவோட பாட்டு?" என்றேன்.

"போட்டுப் பார்த்தேன். பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கலடி" என்றாள். லேசாகச் சிரித்தாள். மெக்கானிக் வந்துவிட்டார். உருளை மறுபடி சுற்றத் தொடங்கியது. எழுந்துகொண்டோம்.

அடுத்த வருஷம் மகள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அக்காவுக்குப் பதில் இப்போது வேறொருத்தி என் எதிரே நிற்கிறாள். நல்ல பெண்தான், விரிப்பின் முனையைக் கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிடுவாள். புதிதாக வருகிறவர்கள் என்ன கேட்கலாம் என்று விசாரித்தால், எங்களுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். ஆளைப் பார்த்துச் சொல்கிற கலை எங்களில் யாருக்கும் வரவில்லை.

அவ்வப்போது போனில் பேசுவோம். பேரனுக்குப் பல் முளைத்தது, மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை, முழங்கால் வலி என்று சொல்வாள். கதையைப் பற்றி நான் கேட்பதில்லை. போன வாரம் பேசும்போது அவளுக்குப் பின்னால் இரண்டு மூன்று குரல்கள் மாறி மாறிப் பேசுவது கேட்டது. நடுவே கதவு சாத்துகிற சத்தமும் ஏதோ இசையும்.

"என்னக்கா, நாடகமா? எதைக் கேட்கிறீங்க?" என்றேன்.

"அட நீ வேற. பக்கத்து வீட்டுல டிவி ஓடுதுடி" என்றாள்.